சபைக்கு வரிவிலக்கு: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

சாட்ஸ்வொர்த் பொருளாளர்

எங்கள் கிறிஸ்தவ சபை தென்னாப்பிரிக்க வருமானவரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி பொதுநலன் அமைப்பாக அங்கீகாரம் பெற்றது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். கூரை வேலைக்காகப் பெருந்தொகை கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆராதனை முடிந்ததும் என்னிடம் 18ஏ ரசீது, அதாவது நன்கொடையைத் தம் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள உதவும் ரசீது, கேட்டார். அந்தச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில், முதற்பகுதி அமைப்புக்கு வரிவிலக்குத் தரும் பணிகளின் பட்டியல், இரண்டாம் பகுதி கொடுப்பவருக்குக் கழிவு தரும் பணிகளின் பட்டியல்; சமயப் பணி முதற்பகுதியில் மட்டுமே இருக்கிறது, இரண்டாம் பகுதியில் இல்லை. ஆகவே சபை தன் காணிக்கை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லையே தவிர, கொடுப்பவர் அதைத் தம் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது என்று விளக்கினேன். அவர் எங்கள் கடிதத்தாளின் அடியில் அச்சிட்டிருந்த அங்கீகார எண்ணின் மேல் விரலை வைத்து, "பிள்ளைகள் இல்லத்தின் ரசீதிலும் இதைப் போன்ற எண்தான் இருக்கிறது. அவர்கள் கொடுக்கிறார்களே, தம்பி?" என்றார். குரலில் கோபம் இல்லை. சபை எதையோ மறைக்கிறது என்ற ஐயம் மட்டும் இருந்தது. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. காணிக்கை எடுப்பதற்கு முன்பே இதை அறிவிக்கும் வழக்கம் வேறு சபைகளில் உண்டா?

வெருலம் வாசகி

எங்களுக்கு வந்த தொல்லை வருமானவரியால் அல்ல, நகராட்சிக்குக் கட்டும் சொத்துவரியான ரேட்ஸால். சபையை நிறுவிய ஐயா தம் சொந்த மனையில்தான் ஆலயத்தைக் கட்டினார். அவர் காலமான பிறகும் பத்திரம் அவர் பெயரிலேயே கிடந்தது. நகராட்சிச் சொத்துவரி பற்றிய 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வழிபாட்டிடத்துக்கு விலக்கு அளிக்கிறது என்பதை நம்பி நானும் மூப்பரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் பத்திரத்தை எங்கள் பக்கம் திருப்பி, உரிமையாளர் பெயரைப் பேனாவால் சுட்டிக்காட்டி, "இது ஒரு மனிதரின் பெயர், அம்மா. சபை எங்கே?" என்று கேட்டார். ஞாயிறுதோறும் நிரம்பி வழியும் ஆலயம், அந்தத் தாளில் இல்லவே இல்லை. வழிபாட்டுக்குப் பயன்படுவது மட்டும் போதாது, சொத்து சமயச் சமூகத்தின் பெயரில் பதிவாகியும் இருக்க வேண்டும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு முடிப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. போதகர் இல்லத்துக்கும் இதே விதிதான். அதிலும் அங்கே ஆராதனை நடத்தும் ஊழியரே குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விட்டு விலக்குப் போனால், முந்தைய ஓராண்டு ரேட்ஸையும் சேர்த்துக் கட்ட நேரிடும்.

பீனிக்ஸ் உணவுப்பணிக் குழு

சாட்ஸ்வொர்த் சகோதரர் சொன்னதை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. சபையால் 18ஏ ரசீது கொடுக்கவே முடியாது என்ற எண்ணம் பரவிப் பல நல்ல பணிகள் முடங்கிவிட்டன. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது எங்கள் சமையற்கூடத்தில் அண்டா அண்டாவாகப் பீன்ஸ் கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு கடைக்காரர் லாரி நிறையத் தண்ணீர்ப் புட்டிகளோடு நின்றார். இறக்குவதற்கு முன், "18ஏ உண்டா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். எங்களிடம் அது இருந்தது.

ஏனெனில் பேரிடர் நிவாரணமும் வறுமை ஒழிப்பும் இரண்டாம் பகுதியில் இடம்பெற்றுள்ளன. அப்பணிகளைச் சபையே செய்தாலும், அவற்றுக்கென 18ஏ அங்கீகாரத்தைத் தனியாக விண்ணப்பித்துப் பெறலாம். ரசீது கொடுத்து வாங்கிய பணத்தில் ஒரு ராண்ட்கூட ஆராதனைச் செலவுக்குப் போகக் கூடாது. அப்படிப் போகவில்லை என்பதற்குத் தணிக்கைச் சான்று வேண்டும். ஆகவே முதல் வேலையாகத் தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். 2023 மார்ச் 1 முதல் ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், வரி எண் போன்ற விவரங்களும் இருக்க வேண்டும் என்பதால், பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள். கொடுப்பவர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான் அந்த ஆண்டில் கழிக்கலாம் என்பதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சிறிய சபைகளால் இதையெல்லாம் செய்ய இயலாது என்பார்கள். எங்களுடையதும் சிறிய சபைதான்.

சாட்ஸ்வொர்த் பொருளாளர்

பீனிக்ஸ் சகோதரரே, நீங்கள் சொல்லும் சட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் ஐயா கொடுத்தது ஆலயக் கூரைக்கு. அதை உணவுப்பணிக் கணக்கில் காட்டி ரசீது எழுதலாம் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் யோசனை சொன்னார். அது பொய் ரசீது. அதற்கு நான் ஒருநாளும் கையெழுத்திட மாட்டேன்.

போதகரின் மகள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

சபைக்கு விலக்கு இருந்தால் போதகருக்கும் விலக்கு என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். எங்கள் மூப்பர்களும் அப்படித்தான் நம்பி, அப்பாவின் மாதப்படியில் வரி பிடிக்காமலே கொடுத்து வந்தார்கள். அப்பா வீட்டுக்கடன் கேட்கப் போனபோது வங்கி அதிகாரி ஐஆர்பி5 படிவம், அதாவது முதலாளி கொடுக்கும் ஊதிய, வரிப்பிடித்தச் சான்று, கேட்டார். அப்பா சபையின் கடிதத்தை நீட்டினார். அதிகாரி அதைப் படித்துவிட்டு மேசையின் மேல் மெல்ல அவர் பக்கமே தள்ளினார். வாழ்நாளெல்லாம் ஊழியம் செய்தவருக்கு வருமானமே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது அந்த நிமிடம். போதகர் பெறுவது ஊதியம். அவரது வருமானம் வரம்பைத் தாண்டினால் சபை மற்ற முதலாளிகளைப் போலவே மாதந்தோறும் வரி பிடித்து வருவாய்த்துறையான சார்ஸுக்குச் செலுத்த வேண்டும். தயவுசெய்து உங்கள் போதகர் குடும்பத்தை இந்த நிலைக்கு ஆளாக்காதீர்கள்.

டோங்காட் கோயில் குழு உறுப்பினர்

நான் கோயில் குழுவில் இருப்பவன். ஆனாலும் இந்தச் சட்டம் எல்லாச் சமயத்துக்கும் பொது என்பதால் எழுதுகிறேன். எங்கள் மண்டபத்தைத் திருமணத்துக்கு எடுத்த ஒருவருக்கு, குழுவில் யாரோ "நன்கொடை" என்று ரசீது எழுதிவிட்டார்கள். மணமகனின் தந்தை அதைத் திருப்பிக் கொடுத்து, "நான் கொடுத்தது வாடகை, ஐயா. வாடகை என்றே எழுதுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தோம். அப்படி எழுதுவதால் பயப்பட ஒன்றுமில்லை: விலக்குக்கு உட்படாத வியாபார வருமானத்திலும், மொத்த வரவில் 5 விழுக்காடு அல்லது 2,00,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அதுவரை வரி கிடையாது, மிஞ்சிய தொகைக்கே வரி. வரி ஏதும் வராத ஆண்டிலும், விலக்குப் பெற்ற அமைப்புகளுக்கான ஆண்டு வரிக்கணக்கான ஐடி12இஐ படிவத்தைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். எங்கள் வட்டாரச் சபைகள் சில அதைச் செய்வதில்லை என்று கேள்விப்படுகிறேன். இதைப் படிக்கும் பொருளாளர்கள் தங்கள் கோப்பை எடுத்து, கடைசியாக எந்த ஆண்டுக்குத் தாக்கல் செய்தீர்கள் என்று பார்த்துவிடுங்கள்.