பின் இடது பிரேக் ஷூ மட்டும் ரிவெட் வரைக்கும் தேய்ஞ்சிருக்கு (மீன் லோடு குட்டி யானை)

பாம்பன் லோடு:
ஆயில் மாத்தி கிரீஸ் அடிக்கும்போது பின் டிரம்மையும் கழட்டிப் பார்த்தேன். இடது பக்கம் ரெண்டு ஷூவும் ரிவெட் தலை தெரியிற அளவுக்குத் தேய்ஞ்சிருக்கு. வலது பக்கம் லைனிங் (ஷூ மேல டிரம்மை உரசுற பட்டை) பாதிக்கு மேல இருக்கு. ரெண்டும் ஒண்ணாப் போட்ட செட்டு. ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர்ல ஒழுகல் இல்ல, பிரேக் அடிச்சா வண்டி இழுக்கவும் இல்ல. மீன்பிடித் தடைக்காலம் பூரா வாசல்லயே நின்ன வண்டி. இடது ஷூவை மட்டும் மாத்தினாப் போதுமா?

மண்டபம் பட்டறை:
ஷூ அப்புறம் தம்பி. ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்தியிருந்ததா? ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் அப்படி நின்னா, கேபிள் உறைக்குள்ள ஐஸ் தண்ணி உப்பு துருவாகிப் பிடிச்சுக்கும். லீவரை இறக்கினாலும் கேபிள் திரும்பாது, ஷூ உரசிக்கிட்டேதான் ஓடும்.

டிரம்மை மாட்டி, முன் சக்கரத்துக்குக் கட்டை வச்சு, மணல்ல ஜாக்கி புதையாம பலகை போட்டுத் தூக்குங்க. நியூட்ரல், ஹேண்ட் பிரேக் இறக்கி, இடது சக்கரத்தைக் கையால சுத்துங்க. இறுக்கமா இருந்தா பிளீடர் நிப்பிளை (சிலிண்டர் பின்னாடி காத்து எடுக்கிற திருகு) லேசாத் திறங்க. உடனே லூஸ் ஆனா பிரேக் ஆயில் பிரஷர் உள்ள நிக்குது. ஆகலைன்னா கேபிள், ரிட்டர்ன் ஸ்பிரிங் (ஷூவைத் திரும்ப இழுக்கிறது), இல்ல சிலிண்டர் பிஸ்டன். கேபிளை ஷூ லீவர்லருந்து கழட்டி இழுத்து விட்டா தானா உள்ள போகணும். போகலைன்னா புதுசுதான். உறைக்குள்ள ஆயில் ஊத்துறதெல்லாம் ஒரு மாசத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

தொண்டி டீசல்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா வலதையும் நம்பாதீங்க. பின் பிரேக் ஒரு பக்கம் செத்தாலும் ஸ்டியரிங்ல பெருசாத் தெரியாது. வலது சிலிண்டர் பிடிச்சுக்கிட்டா இடது மட்டுமே வேலை செஞ்சு தேயும். வலது டிரம்மை மட்டும் கழட்டி வச்சு, ஒரு ஆளை பெடலை மெதுவா, கொஞ்சமா அமுக்கச் சொல்லுங்க. ரெண்டு பிஸ்டனும் நகரணும். ஓங்கி மிதிச்சா பிஸ்டன் வெளிய வந்துரும்.

ரப்பர் பூட்டுக்குள்ள துரு இருந்தா சிலிண்டரைப் பிரிச்சுப் பாருங்க. உள்சுவர்ல குழி விழுந்திருந்தா ரப்பர் கிட் மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்ல, முழு சிலிண்டரையே மாத்தணும். ரப்பரை டீசல்ல கழுவாதீங்க, உப்பிரும். பிரேக் ஆயில் மட்டும்.

பாம்பன் லோடு:
இடது கேபிள் திரும்பல. வலது பிஸ்டன் ரெண்டும் நகருது. டிரம்ல விரல் நகம் மாட்டுற அளவுக்குக் கோடு இருக்கு.

மண்டபம் பட்டறை:
அப்ப கேபிள்தான். ஷூ நாலும் சேர்த்து மாத்துங்க, ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா பிடிப்பு சமமா இருக்காது. கோடு விழுந்த டிரம்மைக் கடைசல் பிடிக்கலாம், ஆனா டிரம்ல பொறிச்சிருக்கிற அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினா தூக்கிப் போட்டுருங்க. சூட்டுல ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அதையும் மாத்துங்க. தூசியை ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க. பேக் பிளேட்ல (ஷூவெல்லாம் மாட்டியிருக்கிற தகடு) ஷூ உரசுற மேடுகள்ல பிரேக் கிரீஸை மெல்லிசாத் தடவுங்க, லைனிங்ல பட்டுறக் கூடாது.

தொண்டி டீசல்:
அடியில கழுவுறதுக்கு போர் தண்ணி வேண்டாம், நம்ம பக்கம் அதுவே உப்பு. குடம் காசு குடுத்து வாங்குற ஊர்ல இதைச் சொல்றதும் சங்கடம்தான், ஆனா லோடு இறக்கினதும் பேக் பிளேட், கேபிள் மேல ரெண்டு வாளி நல்ல தண்ணி ஊத்தினாப் போதும். அடுத்த தடைக்காலத்துக்கு ஃபர்ஸ்ட் கியர்ல, சக்கரத்துக்குக் கட்டை வச்சு நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக் இறக்கியே இருக்கட்டும்.