வீட்டுப் பயன்பாட்டுக்கு மடிக்கணினி: 36,000 ரூபாயில் வாங்குவதா, 78,000 ரூபாயில் வாங்குவதா?

காவிரிக்கரை (திருச்சி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2016-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், பழைய வகை ஹார்டு டிஸ்க். அதன் செயலி விண்டோஸ் 11-க்குத் தகுதியான பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால், அந்தக் கணினியில் இனியும் வங்கிக் கணக்கைத் திறக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். வினாத்தாள் தட்டச்சு செய்வதும் மதிப்பெண் பட்டியல் தயாரிப்பதும் என் வேலை. மகள் பி.காம். முதலாண்டு படிக்கிறாள், அவளுக்குக் கணக்குப்பதிவு மென்பொருளான டேலியும் எக்செலும் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் பைத்தான் கற்கத் தொடங்கியிருக்கிறான். மாமனார் மாலை வேளையில் யூடியூபில் சொற்பொழிவு கேட்பார். விளையாட்டு, வீடியோ எடிட்டிங் போன்றவை எங்கள் வீட்டில் கிடையாது.

கடையில் இரண்டு மாதிரிகளைக் காட்டினார்கள். முதலாவது 36,000 ரூபாய்: ரைசன் 5 7520யூ, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்), 15.6 அங்குலத் திரை. இரண்டாவது 78,000 ரூபாய்: கோர் அல்ட்ரா 5 125எச், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குல ஓஎல்இடி திரை. "7000 வரிசை, அதுவும் ரைசன் 5, எந்த ஐ3-ஐ விடவும் மேல்" என்று முதலாவதைப் பற்றிக் கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். இரண்டு மடங்குக்கு மேல் விலை கொடுத்தால் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு உண்மையில் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

திருகாணி (மதுரை):

வணக்கம் அம்மா. மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். கடைக்காரர் சொன்ன அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நிறையப் பேர் பணத்தை விடும் இடம் அதுதான். ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் 7000 வரிசையில் முதல் எண் எந்த ஆண்டுக்கான வரிசை என்பதை மட்டுமே காட்டும்; உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதை மூன்றாம் எண்தான் சொல்லும். 7520யூவில் மூன்றாம் எண் 2 என்பதால், 2019-இல் முதன்முதலாக வந்த ஜென் 2 வடிவமைப்பு அதற்குள் இருக்கிறது. அதே வரிசையின் 7530யூ ஜென் 3 வகையைச் சேர்ந்தது. செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் முன்னதில் நான்கு, பின்னதில் ஆறு. 2022-இல் வந்த இன்டெல் ஐ3 1215யூ, பெயரில் "3" இருந்தாலும், எக்செல் கோப்பைத் திறப்பது, இணையப் பக்கத்தை விரிப்பது போன்ற அன்றாட வேலைகளில் உங்களுக்குக் காட்டிய ரைசன் 5-ஐ முந்திவிடும்.

அதைவிடப் பெரிய குறை ரேம். 7520யூ செயலி எல்பிடிடிஆர்5 வகை நினைவகத்தோடு மட்டுமே வேலை செய்யும். அந்த வகை மதர்போர்டிலேயே பற்றவைத்து வருவதால், இன்று 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். விண்டோஸ் 11 தனக்கே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும், திரைக்காட்சிக்கும் அதிலிருந்தே ஒரு பங்கு போகும். மகள் டேலியைத் திறந்து வைத்து, குரோமில் பத்துப் பக்கங்களையும் விரித்து, இணைய வகுப்பிலும் அமர்ந்தால், ரேம் நிரம்பி, அதைவிட மெதுவான எஸ்எஸ்டியை ரேமுக்குப் பதிலாகக் கணினி எடுத்தாள ஆரம்பிக்கும். கணினி "மெதுவாகிவிட்டது" என்று கடைக்கு எடுத்து வருபவர்களில் பலருக்கு இருக்கும் கோளாறு இதுதான். நான் திறந்து பார்த்தாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அடுத்தது கீல். விலை குறைந்த மாதிரிகள் பலவற்றில், கீலைப் பிடித்திருக்கும் திருகுகள் பிளாஸ்டிக் உடலுக்குள் பதித்த சின்னஞ்சிறு பித்தளை மறைகளில் இறங்கியிருக்கும். கீலோ இறுக்கமானது. மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கத் திறக்க அந்த மறைகள் பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிறகு திரையின் கீழ்ச்சட்டம் விரியும், உள்ளே போகும் கேபிள் நசுங்கும். கடையில் பார்க்கும்போது மூடியை நடுவில் ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள். அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினாலோ, கீல் ஓரத்தில் சட்டம் வளைந்தாலோ அந்த மாதிரியைத் தவிர்த்துவிடுங்கள். நான்கு பேர் கை படும் வீட்டில் செயலியைவிட இதுவே முதலில் போகும்.

திரையையும் உங்கள் வேலையை வைத்தே சோதியுங்கள். ஒரு வினாத்தாளைப் பென் டிரைவில் கொண்டுபோய், 11 புள்ளி அளவில் திறந்து, ணை, ஞ, ழு போன்ற எழுத்துகளின் சுழிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். 15.6 அங்குலத்தில் 1366×768 என்றால் அங்குலத்துக்கு 100 புள்ளிகள், 1920×1080 என்றால் 141 புள்ளிகள். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தைவிடத் தமிழில் கண் உடனே உணரும். பக்கவாட்டிலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகையா என்பதையும் கேளுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மங்கித் திரிந்துபோகும் திரை, மகனும் மகளும் அருகருகே அமர்ந்து பார்க்கும் வீட்டுக்கு உதவாது.

78,000 ரூபாய்க் கணினி நல்ல கணினி. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதன் 14 கோர்களுக்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை. அதன் ஓஎல்இடி திரை உடைந்தால் மாற்றும் செலவு சாதாரண ஐபிஎஸ் திரையைப் போலப் பல மடங்கு ஆகும். 50,000 முதல் 55,000 ரூபாய்க்குள் மூன்றாவது ஒன்றைத் தேடுங்கள் என்பதே என் ஆலோசனை.

நெய்தல் (சென்னை):

திருகாணி அவர்கள் சொன்ன தொழில்நுட்பச் செய்திகள் அனைத்தும் சரியே. ஆயினும் விலை உயர்ந்ததை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்று கருதுகிறேன். நான் வீட்டிலிருந்தே பணிபுரிபவன். 36,000 ரூபாய்க் கணினி நான்கு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 9,000 ரூபாய் ஆகிறது. 78,000 ரூபாய்க் கணினி ஏழு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,100 ரூபாய் ஆகிறது. அந்த 2,100 ரூபாய் வித்தியாசத்துக்கு ஒவ்வொரு நாளும் நல்ல விசைப்பலகை, தெளிவான 1080பி கேமரா, உறுதியான உலோக உடல், பெரிய பேட்டரி ஆகியவை கிடைக்கின்றன. பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்யும் ஓர் ஆசிரியைக்கு விசைப்பலகை சின்ன விஷயம் இல்லை. மலிவான மாதிரிகளில் அழுத்தும்போது நடுப்பகுதியே உள்வாங்கும்.

மகள் பி.காம். முடித்து சி.ஏ. அல்லது எம்.காம். என்று போனாலும் இதே கணினி கூடவே போகும். மேக்புக் ஏரையும் ஒருமுறை பார்க்கலாம். அதில் மின்விசிறியே இல்லாததால் சத்தமும் இல்லை, தூசி அடைவதும் குறைவு. 2020-இல் வந்த எம்1 மாதிரி இன்றும் சலிக்காமல் ஓடுகிறது.

கரிசல் (கோவில்பட்டி):

ஒரு சிறு திருத்தம்: டேலி பிரைம் விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள். மேக்கில் அதை ஓட்டச் சுற்றுவழிதான் உண்டு. பி.காம். மாணவிக்கு அது தேவையற்ற சிரமம்.

பெருநிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட் போன்ற வணிக வரிசைக் கணினிகளையும் எண்ணிப் பார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமன்றி இப்போது எல்லா ஊர்களிலும் கிடைக்கின்றன. உடலும் விசைப்பலகையும் புதிய மலிவு மாதிரிகளைவிட உறுதியானவை. பெரும்பாலானவற்றில் ரேமையும் எஸ்எஸ்டியையும் நாமே மாற்றலாம். ஆனால் மூன்றைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இன்டெல் செயலி எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது. பேட்டரியின் இப்போதைய கொள்ளளவு புதிதில் இருந்ததில் எவ்வளவு என்பதை அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல்லோ பூட்டோ இருந்தால், எத்தனை குறைந்த விலையானாலும் அதைத் தொட வேண்டாம்.

காவிரிக்கரை (திருச்சி):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நெய்தல் அவர்களின் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. ஆனால் எங்கள் வீட்டின் உண்மையான சிக்கல் இரவு ஏழு மணிக்குத்தான் வருகிறது: மகளுக்கு இணைய வகுப்பு, மகனுக்குப் பைத்தான், மாமனாருக்குச் சொற்பொழிவு, எனக்கு வினாத்தாள். எவ்வளவு உயர்ந்ததை வாங்கினாலும் கணினி ஒன்றுதானே? பழைய கணினியை எதற்காவது பயன்படுத்த இயலுமா? மற்றொன்று, என் பழைய வினாத்தாள்கள் எல்லாம் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. புதிய கணினியில் அவை திறக்குமா?

திருகாணி (மதுரை):

இந்தச் செய்தியை நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் என் பதில் பாதியாகக் குறைந்திருக்கும், அம்மா. 78,000 ரூபாயை ஒரே கணினியில் போடுவதைவிட, ஏறத்தாழ 53,000 ரூபாயில் ஒரு புதிய கணினியும், சில ஆயிரம் ரூபாய் செலவில் உயிர்பெற்ற பழைய கணினியும் உங்கள் இரவு ஏழு மணிக்குப் பொருந்தும். நெய்தல் அவர்களின் கணக்கு ஒருவரே பயன்படுத்தும் கணினிக்குச் சரியானது. பள்ளிப் பிள்ளையின் பையிலும் மாமனாரின் கட்டிலிலும் மாறி மாறி இருக்கும் கணினிக்கு ஏழு ஆண்டு ஆயுளை உறுதியாகச் சொல்ல முடியாது.

பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். வினாடிக்கு 100 எம்பி அளவில் திணறிக்கொண்டிருந்தது 500 எம்பிக்கு மேல் போகும். ரேமை 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தொடர்ந்து வரும். பைத்தான் அதில் ஏற்கெனவே இருக்கும், யூடியூபுக்கும் குறையிருக்காது. மாமனாரும் மகனும் அதை வைத்துக்கொள்ளட்டும்.

புதியதற்கு நீங்கள் கேட்க வேண்டியவை: 13-ஆம் தலைமுறை ஐ5 1335யூ அல்லது ரைசன் 5 7530யூ, 16 ஜிபி ரேம், அல்லது 8 ஜிபியோடு காலியாக ஒரு ரேம் இடம், என்விஎம்இ என்னும் வேகமான வகை எஸ்எஸ்டி, 1920×1080 ஐபிஎஸ் திரை, 50 வாட்-மணியை ஒட்டிய பேட்டரி. எஸ்எஸ்டிக்குப் பதிலாக, மெதுவான மலிவு வகைச் சேமிப்பகமான இஎம்எம்சி என்று எழுதியிருந்தால் வேண்டாம். ஒரே பெயரில் பல உட்பிரிவுகள் விற்கப்படுவதால், பெட்டியில் உள்ள முழு மாதிரி எண்ணையே ரசீதில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பழுதுபார்க்கும் வாரண்டியா, நீங்களே சர்வீஸ் சென்டருக்குச் சுமந்து போக வேண்டிய வாரண்டியா என்பதையும் கேளுங்கள். நீட்டிப்பு வாரண்டி எடுத்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான் இருக்கும். கணினி எப்போதும் சார்ஜரிலேயே இருக்குமானால், 80 விழுக்காட்டில் சார்ஜ் நிற்கும்படி அதன் அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

பாமினி கோப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்துப் புதியதில் நிறுவினால் அவை அப்படியே திறக்கும். இனி எழுதுபவற்றை மட்டும் யூனிகோடில் எழுதுங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-லேயே இருக்கிறது. வினாத்தாள்கள், புகைப்படங்கள், எழுத்துரு மூன்றும் புதிய கணினியில் திறக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே பழைய ஹார்டு டிஸ்க்கில் கை வைக்கச் சொல்லுங்கள்.