புதுப்பிப்பு: இரவிகுளம் வரையாடு, குட்டிக்கு எந்த மாதம், வெள்ளை முதுகுக் கிடாவுக்கு எந்த மாதம்?

மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் ஒரே பயணத்தில் வரையாட்டுக் குட்டியையும் வெள்ளை முதுகுக் கிடாவையும் (முதிர்ந்த ஆண்) பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "ஈற்றுக்காலம் (குட்டி ஈனும் காலம்) முடிந்து பூங்கா திறந்ததும் ஏப்ரலில், காலை முதல் வண்டியில் போங்கள்" என்ற யோசனைதான் குட்டி பார்க்கப் பலித்தது.

குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறப்பவை. ஏப்ரலில் தாயின் வயிற்றை ஒட்டியே மேயும். கொம்பு குட்டையாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தால் அது போன வருடத்துக் குட்டி. வெயில் ஏறியதும் பாறை நிழலில் படுத்து அசைபோடும், அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம். சாலையோரமே மேய்வதால் 8x42 பைனாகுலர் தாராளம்.

எதிர்பாராதது: பெரிய கிடாக்கள் மந்தையில் இல்லை. அவை தனியே திரிந்து, இணைசேரும் தென்மேற்குப் பருவமழையில்தான், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பெட்டைகளோடு சேரும். ஆகவே இரண்டு பயணம் வேண்டும். கருத்த உடம்பில் முதுகு மட்டும் வெளுத்திருந்தால் முதிர்ந்த கிடா. இளங்கிடாவின் முதுகில் இந்த வெளுப்பு இருக்காது. அதனால் அதைப் பெட்டை என்று எழுதிவிடாமல் கொம்பின் அடிப்பருமனைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஏசி காரில் வைத்த லென்ஸ் வெளியே எடுத்ததும் பனிக்கும். முன்கூட்டியே வெளியே வையுங்கள்.