எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு வால்டார்ஃப் முறை: எங்கள் அனுபவம்

காட்பாடியில் இரண்டாம் வகுப்பு முடித்த என் மகளுக்கு லேசான டிஸ்லெக்சியா (எழுத்தையும் ஒலியையும் பொருத்தி வாசிக்கத் தடுமாறும் கற்றல் குறைபாடு) இருப்பதாக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதித்துச் சொன்ன பிறகு, அவளைச் சென்னையில் என் அக்கா வீட்டில் தங்கவைத்து, கதை, ஓவியம் வழியே கற்பிக்கும் வால்டார்ஃப் முறையில் நடக்கும் ஒரு பள்ளியில் சேர்த்தோம். இந்த முறை பற்றி வேலூர், குடியாத்தம் பக்கத்துப் பெற்றோர் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே ரேங்க் கிடையாது. காலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரே பாடம், அதுவும் மூன்று நான்கு வாரங்களுக்குத் தொடர்ந்து நடக்கும். ஆசிரியர் கதையாகச் சொன்னதை மறுநாள் பிள்ளைகள் வாய்மொழியாகத் திரும்பச் சொல்லி, அதன் பிறகே படம் வரைந்து தங்கள் நோட்டில் எழுதுவார்கள். காதால் கேட்டதை மறக்காத என் மகள், பழைய பள்ளியில் வாய் திறக்க அஞ்சியவள், அங்கே வகுப்புக்கே கதை சொன்னாள்.

ஆனால் வாசிப்பு நகரவில்லை. 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஒரு சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் இம்முறையைத் தொடங்கியபோதே, பால் பற்கள் விழும் ஏழு வயதுவாக்கில்தான் எழுத்தைத் தொடங்க வேண்டும் என்பது அதன் கொள்கை. மற்றப் பிள்ளைகளுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் எட்டு வயதிலும் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை அங்கே தனித்துத் தெரிவதில்லை. 'நேரம் வரும்போது தானாக வரும்' என்றார்கள் பள்ளியில். டிஸ்லெக்சியா காத்திருந்தால் தீர்வதில்லை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, திரும்பத் திரும்பப் பொருத்திக் காட்ட வேண்டும். தமிழில் 'கொ' என்பதில் ககரத்துக்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்க, உயிரொலியோ கடைசியில்தான் வருகிறது. என் மகள் 'கொடி'யைக் 'கெடி' என்றே வாசித்து வந்தாள். அதைத் திருத்தியது பள்ளி அல்ல, மாலையில் நாங்கள் தனியாக ஏற்பாடு செய்த சிறப்பாசிரியர். மொழிப்பாடம் முடிந்து கணக்குப் பாடம் ஓடிய வாரங்களில் அவளுக்கு வாசிப்புப் பயிற்சியே இல்லாமல் போனதையும் அவர்தான் கவனித்தார்.

ஆகவே சேர்க்கும் முன், வாசிப்புக்கெனச் சிறப்பாசிரியர் உண்டா, தினமும் பயிற்சி தருவாரா என்று கேளுங்கள். பரிசோதனை அறிக்கையையும் பத்திரமாக வைத்திருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடங்குவதால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கோரச் சான்று வேண்டியிருக்கும். சிறப்பாசிரியர் இல்லாத பள்ளியென்றால், பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பாமல், இங்கேயே அடிக்காத, அவமானப்படுத்தாத பள்ளி ஒன்றில் சேர்த்து, மாலையில் தனிப் பயிற்சிக்கு அனுப்புவதே மேல் என்பேன்.