புதுப்பிப்பு: கண்ணிவெடி அகற்றும் வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது?

போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் நிலங்கள் மீட்கப்படாமல் கிடப்பதைப் பற்றி முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "இயந்திரத்தை ஓட்டினால் முடிந்துவிடாதா?" என்று பலர் கேட்டீர்கள்.

மண்ணைச் சங்கிலியால் அடித்துக்கொண்டே போகும் இயந்திரங்கள் உண்டு. ஆனால் செங்குத்துச் சரிவிலும் அடர்ந்த மரங்களுக்கிடையிலும் அவை போகாது. போன இடத்திலும் சில வெடிகள் தப்பிவிடும். கடைசியில் மனிதர்தான் மண்டியிட வேண்டும். உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒலித்தால் அது ஆணியா, தோட்டா உறையா, வெடியா என்று தெரியாது. ஒவ்வொரு ஒலிக்கும் பக்கவாட்டிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் பார்க்கிறார்கள். மேலிருந்து அழுத்தினால் வெடித்துவிடலாம்.

வானில் திறந்து பல சிறுகுண்டுகளைச் சிதறவிடும் கொத்துக்குண்டு இன்னும் கொடுமை. லாவோஸில் 1964 முதல் 1973 வரை விழுந்த சிறுகுண்டுகள் சுமார் 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை வெடிக்கவில்லை என்பது மதிப்பீடு. பல, டென்னிஸ் பந்து அளவுதான். பிள்ளைகள் விளையாட எடுத்துவிடுகிறார்கள், நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அவற்றைப் பெரும்பாலும் நகர்த்தாமல் கிடந்த இடத்திலேயே வெடிக்கவைத்து அழிக்கிறார்கள்.

எலிகளை வைத்து வெடிகளைக் கண்டுபிடிப்பது உண்மையா என்றும் கேட்டீர்கள். உண்மைதான். தான்சானியாவில் பழக்கப்படுத்தப்படும் பெரிய எலிகள் வெடிமருந்தை மட்டுமே மோப்பம் பிடிக்கும். பழைய இரும்பைப் பொருட்படுத்தாது. எடை குறைவு என்பதால் அவை மிதித்து வெடி வெடிப்பதில்லை.