மறு: மிஸ்ஃபயர், ஹேங்ஃபயர், ஸ்குவிப் - தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். சுடுதளப் பாதுகாப்புக் கையேட்டைத் தமிழில் கொண்டுவருகிறோமே, அதில் தோட்டா சரியாக வெடிக்காத இந்த மூன்று நிலைமைகளுக்கும் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> மூன்றுமே ஆலையில் சரியாகச் செய்யாத தோட்டாவால் வருவதுதானே. "பழுதுத் தோட்டா" என்று ஒரே சொல்லாக முடித்துவிட்டால் என்ன?

முடிக்கக் கூடாது என்பது என் கட்சி. இந்தக் கையேட்டைப் படிக்கப் போகிறவர் அகராதி பார்க்கிறவர் இல்லை, கையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு நிற்கிறவர். மூன்றிலும் அவர் செய்ய வேண்டியது ஒன்றே என்றால் ஒரு சொல் போதும். ஆனால் ஒன்றில் காத்திருக்க வேண்டும், இன்னொன்றில் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. சுடுதளத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் நிற்பவன் என்கிற முறையில் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். பத்திரிகைகள் எல்லாவற்றையும் "குண்டு" என்றே எழுதிவிடுகின்றன. நமக்கு அது ஆகாது. உறை, பிரைமர் (துப்பாக்கியின் ஊசி தட்டியதும் பொறி கிளப்பும், அடியில் உள்ள சிறு மூடி), வெடிமருந்து, முனையில் உள்ள ஈயத்துண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா, பறந்து போவது மட்டும் குண்டு. இதைப் பிரிக்காவிட்டால் "உறை வெளியே வந்துவிட்டது, குண்டு குழலுக்குள்ளேயே நிற்கிறது" என்கிற வாக்கியத்தையே எழுத முடியாது. ஆளைக் கொல்லக்கூடிய நிலைமை அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

சரி, மிஸ்ஃபயர். விசையை இழுத்தாயிற்று, ஊசி தட்டிய சத்தம் கேட்டது, வேறொன்றும் நடக்கவில்லை. நண்பர் ஒருவர் "நமுத்த தோட்டா" என்று எழுதியிருந்தார். காதுக்கு நன்றாக இருக்கிறது, நம் வாயில் புழங்கும் சொல்தான். ஆனால் நமுத்தது என்றதும் ஈரம் பட்டது, இனி வெடிக்காது, கையில் எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் மனம் போகும். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுத் தோட்டாவிலும் பிரைமருக்குள் வெடிக்கலவை விழாமல் போயிருக்கலாம், கலவை நசுங்குவதற்கு உள்ளே இருக்க வேண்டிய பட்டடை என்கிற சிறு தகடு இல்லாமல் இருக்கலாம், பிரைமர் முழுசாக உள்ளே அமராமல் துருத்திக்கொண்டு நிற்கலாம். கடைசியாகச் சொன்னதில் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதோடு சரி, வெடிக்காது. விளிம்பில் கலவை வைக்கும் .22 தோட்டாக்களில் விளிம்பின் ஒரு பக்கத்தில் கலவை பரவாமல் விட்டுப்போவதும் உண்டு. ஆகவே "பொய்த்த தோட்டா" என்கிறேன். மழை பொய்த்தது என்கிறோமே, அந்தப் பொருளில். காரணம் எதுவாக இருந்தாலும் பொருந்துகிறது.

வெளியே எடுத்த பிறகு அடியில் விழுந்த ஊசித் தடத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாம். தடம் ஆழமாக, நடுவில் விழுந்திருந்தால் சந்தேகம் தோட்டாவின் மேல். லேசாகக் கீறியதுபோல் இருந்தால் துப்பாக்கியின் சுருள்வில்லையும் ஊசியையும் பார்க்க வேண்டும். ஆலையைத் திட்டுவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஹேங்ஃபயருக்கு "தாமதவெடி" வேண்டாம். நேரம் குறித்து வைக்கும் வெடிகுண்டு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். "பிந்துவெடி" என்று வைக்கலாம். ஊசி தட்டியும் மருந்து உடனே பற்றாமல், கொஞ்சம் பிந்தி வெடிப்பது. பெரும்பாலும் ஒரு நொடியில் ஒரு பங்குதான் பிந்தும், ஆனால் அதை நம்பி உடனே தோட்டாவை வெளியே தள்ளுவது மடத்தனம். குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் வெடித்தால் குழலின் உருக்கு தாங்கிக்கொள்ளும். வெளியே வந்து வெடித்தால் பித்தளை உறை கிழிந்து சில்லுகள் முகத்துக்கும் கைக்கும் பறக்கும். ரிவால்வர்காரர்களுக்குத் தனியாகவே எழுத வேண்டும்: வெடிக்கவில்லையே என்று மறுபடி விசையை இழுத்தால் உருளை சுழன்றுவிடும், பிந்திய தோட்டா குழலுக்கு நேராக இல்லாத இடத்தில் வெடிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'க்ளிக்' என்று கேட்ட அந்த நேரத்தில், பொய்த்ததா பிந்துகிறதா என்று யாருக்கும் தெரியாது. காத்திருந்த பிறகுதான் பெயரே சொல்ல முடியும். அதனால் கையேட்டில் விதியை "பொய்த்த தோட்டா என்றால்..." என்று தொடங்காதீர்கள். "விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழல்முனையை இலக்கின் பக்கமே வைத்து, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, குறைந்தது 30 நொடி காத்திருக்கவும்" என்று தொடங்குங்கள். ஒரு நிமிடம் என்று விதி வைத்திருக்கும் தளங்களும் உண்டு, அங்கே அதுதான் சட்டம். அப்புறம் திறக்கும்போது முகத்தை ஒதுக்கி வைக்கவும். தோட்டாவை உள்ளங்கையில் பிடிக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதை வெளிப்படையாகவே தடுத்து எழுத வேண்டும். தோட்டாவை வெளியே தள்ளும் முனை பிரைமரில் பட்டு உள்ளங்கைக்குள்ளேயே வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன.

இனி ஸ்குவிப். "அரைவெடி" என்று இரண்டு பேர் ஆதரித்திருக்கிறீர்கள். அது சத்தத்தை மட்டும் சொல்கிறது, ஆபத்தைச் சொல்லவில்லை. நடப்பது இதுதான்: மருந்து விழவே இல்லை அல்லது மிகக் குறைவு. பிரைமர் மட்டும் வெடித்தாலே குண்டை உறையிலிருந்து கழற்றிக் குழலுக்குள் தள்ளப் போதும், வெளியே தள்ளப் போதாது. வழக்கமான அதிர்வு வராது, 'டப்' என்று ஒரு மந்தமான ஓசை, சில சமயம் உறை வெளியேறும் திறப்பு வழியாகப் புகையும் எரியாத மருந்துத் துகள்களும் சிந்தும். தானியங்கித் துப்பாக்கியில் மேல்பாகம் பெரும்பாலும் பின்னால் வராது. அதைப் பார்த்தவர், பயிற்சியில் கை பழகியபடி, தட்டி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டுவிடுகிறார். முன்னால் ஒரு குண்டு நிற்க, பின்னால் இன்னொன்று வந்து மோதினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். 9 மி.மீ. தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, அடைபட்ட குழலில் அது எங்கே போகும் என்று யோசியுங்கள். இந்த மூன்றில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

என் முன்மொழிவு "சிக்குவெடி". "குழலடைப்பு" மண்ணோ துணியோ அடைத்தாலும் பொருந்தும், ஆகவே சரிவராது. சிக்குவெடி என்றால் வெடித்தது, ஆனால் எதுவோ சிக்கிவிட்டது என்பது சொல்லிலேயே இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் உரக்கச் சொல்லவும் முடியும். பிந்துவெடிக்குப் பக்கத்தில் வைத்தாலும் காதில் குழம்பாது. விதி: சத்தம் வழக்கத்துக்கு மாறினால் நிறுத்து, 30 நொடி காத்திரு, தோட்டாக்களை எல்லாம் வெளியே எடு, பிறகு அறைப் பக்கமிருந்து கம்பி விட்டுக் குழலைச் சோதி. முனைப் பக்கமாகக் கண்ணை வைக்காதே.

> வாங்கிய தோட்டாக்களைத் தராசில் எடை பார்த்தே மருந்து இல்லாததைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா?

முடியாது ஐயா, இதைக் கையேட்டில் போடவே கூடாது. 9 மி.மீ. தோட்டாவில் மருந்து ஏறக்குறைய 0.3 கிராம். முழுத் தோட்டா 12 கிராம் அளவில் வரும், உறையும் குண்டும் ஒன்றுக்கொன்று எடையில் கொஞ்சம் மாறும். தராசு சரி என்று சொன்னதை நம்பிச் சுடுவது ஆபத்து.

மருந்து கூடிப்போனதற்கும், குண்டு உறைக்குள் அமுங்கிப்போனதற்கும் "மிகையழுத்தத் தோட்டா" என்று ஏற்கெனவே முடிவானது அப்படியே இருக்கட்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'லாட் நம்பர்' தொகுதி எண்தான். ஆனால் அந்த இடத்தில் "பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்" என்று சேர்த்துவிடுங்கள். ஆலை ஒரு தொகுதியைத் திரும்பப் பெறும்போது அந்த எண்ணை வைத்துத்தான் அறிவிக்கும். உதிரியாகப் பையில் கொட்டி வைத்திருப்பவருக்குத் தன்னிடம் இருப்பது அதுதானா என்றே தெரியாது. ஒரு பெட்டியில் ஒரு சிக்குவெடி வந்தால் மிச்சத்தையும் சுடாமல் ஒதுக்கி வைப்பதே நல்லது.

சிக்குவெடிக்கு மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள். பொய்த்த தோட்டாக்களைப் போட்டு வைக்கும் பெட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, குப்பைத் தொட்டி என்று மட்டும் யாரும் மொழிபெயர்த்துவிடாதீர்கள்.