கலைச்சொல்: ஒரே அடைப்புக்குள் பல சான்றுகள்

வணக்கம். ஒரே அடைப்புக்குள் பல நூல்களைச் சான்றாகக் காட்டுவதை ஆங்கிலத்தில் மல்டிபிள் சைட்டேஷன் என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> மல்டிபிள் சைட்டேஷனுக்குப் ‘பன்மேற்கோள்’ போதுமே?

போதாது என்றே நினைக்கிறேன். மேற்கோள் என்றதும் இரட்டைக் குறிக்குள் வரும் பிறர் வாசகம்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது, “இந்த முறை ஏற்கெனவே சோதிக்கப்பட்டது [4, 7, 9]” என்று வரி முடிவில் நிற்கும் எண்களைப் பற்றி. அங்கே யாருடைய வாசகமும் இல்லை, சான்று மட்டும்தான். ‘பல்சுட்டு’ம் வேண்டாம், மவுஸையும் இணைப்பையும் சுட்டி என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

என் பரிந்துரை: சான்றுக்கொத்து. லாடெக் என்னும் ஆவண அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுபவர்களுக்கு உடனே பிடிபடும். நூலுக்கு ஒரு சாவி, அதாவது அடையாளப் பெயர், வைத்திருப்போம். சான்று காட்டும் சைட் கட்டளைக்குள் காற்புள்ளியிட்டு நான்கைந்து சாவிகளைக் கோத்துவிடுவோம். சாவிக்கொத்தேதான். ஆவண வடிவங்களை மாற்றித் தரும் பேண்டாக் மென்பொருளில் மட்டும் அரைப்புள்ளி. அங்கே காற்புள்ளிக்குப் பின்னால் அந்தந்த நூலின் பக்க எண் வரும். ஆவணங்களை உருவாக்கும் இன்னொரு மென்பொருளான ஸ்பிங்ஸின் சொந்தக் குறியீட்டில் அடைப்புக்கு ஒரு சான்றுதான். கொத்து வேண்டுமானால் நூற்பட்டியலைக் கையாளும் பிப்டெக் நீட்சியைச் சேர்க்க வேண்டும்.

பிழைச்செய்தியில் வைத்தும் பார்த்தேன். ஒரு சாவி தவறினால் லாடெக் [4, ?, 9] என்று அச்சிடும். “சான்றுக்கொத்தில் ஒரு சாவி கிடைக்கவில்லை” என்றால் எங்கே தேடுவது என்று படித்தவுடன் தெரிகிறது.

> [1–3] என்று சுருங்குவதற்கும் இதே சொல்லா?

இல்லை, அதற்குத் தனிச்சொல் வேண்டும். அது வேறு வேலை. வெறும் லாடெக்கில் [3, 1, 2] என்று கொடுத்த வரிசையிலேயே நிற்கும். சைட் என்றே பெயருள்ள கூடுதல் தொகுப்பைச் சேர்த்தாலோ, நாட்பிப் என்ற இன்னொரு தொகுப்பில் அதற்கான விருப்பத்தைக் கொடுத்தாலோதான் வரிசையாகிச் சுருங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அமைப்புப் பக்கத்தில் பயனர் திண்டாடிப் போவார்.

‘இரவுபகல்’ என்பதில் ‘உம்’ மறைந்திருக்கிறதல்லவா? அப்படித்தான் [1–3] என்பதில் 2 மறைந்து நிற்கிறது. உம்மைத்தொகை படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முதலில் ‘தொகைச்சான்று’ என்றுதான் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் வங்கியில் வாங்கும் சான்றிதழ் மாதிரி இருக்கிறது. அதனால் தொகைக்கொத்து.

சரி, இரண்டையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் வரைவாக இட்டுவிடுகிறேன். ‘உசாத்துணை’ என்று எழுதிப் பழகிய இலங்கை நண்பர்களுக்குச் ‘சான்று’ ஒட்டுகிறதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் பதில் வந்த பிறகே கோப்பை இறுதி செய்யலாம்.